சீட்டின் முன்பக்கம்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரச் சொன்னால் என் மனைவிக்கு முதலில் நினைவுக்கு வருவது அட்டாலிதான். மேலே கிடப்பதையெல்லாம் இறக்கி வைத்து, எது இருக்கலாம், எது போகலாம் என்று ஒரு விசாரணை நடத்துவாள். பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொரு முறையும் விடுதலையாகிவிடும். என் சாமான்களுக்கு ஜாமீன்கூடக் கிடைத்ததில்லை. இந்த முறை ஸ்டூல் மேல் ஏறி நின்றவள், ஒரு பழைய எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியைக் கீழே தள்ளிவிட்டாள். அதன் மேல் என் கையெழுத்தில், 'கச்சேரி, யாரும் தொடக் கூடாது' என்று எழுதியிருந்தது.

"ஏனுங்க, இதுல என்னுங்க இருக்குது?"

"எல்லாம் பொக்கிஷம்," என்றேன்.

திறந்ததும் இரண்டு பல்லி முட்டை ஓடுகள் இருந்தன. பொக்கிஷம் அதற்கு அடியில் இருந்தது.

இருபது வயதில் நான் ஒரு கச்சேரிப் பைத்தியம். கச்சேரி என்றதும், சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் கோயில் திருவிழாவுக்கு நோம்பி என்று பெயர்; நோம்பி என்றால் சாயங்காலம் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கும். நாலு பேர் பாடுவார்கள். கீபோர்டு, கிடார், டிரம்ஸ் எல்லாம் உண்டு. அருள்புரத்தில் மேடை போட்டாலும் சரி, நெருப்பெரிச்சலில் போட்டாலும் சரி, நானும் என் நண்பனும் அங்கே இருப்போம். ஒரே சைக்கிள்தான். மிதிப்பது அவன். பின்னால் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு முதல் பாட்டு எது என்று ஜோசியம் சொல்வது நான். ஜோசியம் ஒரு நாளும் பலித்ததில்லை. அவனும் ஒரு நாளும் என்னை மிதிக்கச் சொன்னதில்லை.

பெட்டிக்குள் ரோஸ் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் நோம்பி நோட்டீஸ்கள் இருந்தன. கைப்பிடி இல்லாத ஓர் அட்டை விசிறி இருந்தது. ஏழெட்டுக் கேசட்டுகள் இருந்தன. கச்சேரியை நான் மடியில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்தவை. போட்டுக் கேட்க இப்போது வீட்டில் மெஷின் இல்லை. கேட்டாலும் பாட்டு காதில் விழாது. என் விசில்தான் விழும் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மனைவி ஒரு சின்னத் தீப்பெட்டியைத் திறந்து, உள்ளே பஞ்சில் பொதிந்து வைத்திருந்ததை வெளியே எடுத்தாள். நான் பதறிப்போய், "மெதுவா, மெதுவா," என்றேன். அது ஒரு பெரிய கச்சேரியின் முடிவில் கிடார்க்காரர் கூட்டத்தை நோக்கி வீசிய பிளாஸ்டிக் வில்லை. அதை வைத்துத்தான் அவர் தந்தியை மீட்டினார். நாற்பது பேர் பாய்ந்து விழுந்ததில், முழங்கையில் தோல் உரிந்து, நான் கைப்பற்றியது.

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சட்டையப் பேக்கிங் பண்ணையில காலருக்கடில வெப்பாங்களே, அந்தப் பிளாஸ்டிக்குங்க."

நானும் வாங்கிப் பார்த்தேன். அதேதான். ஒரு ஓரம் ஒடிந்திருந்தது. முப்பது வருஷமாகப் பனியன் தொழிலிலேயே குப்பை கொட்டுகிறவன், காலர் பிளாஸ்டிக்கைப் பஞ்சில் பொதிந்து பாதுகாத்திருக்கிறேன். கிடார்க்காரர் வீசியது வேறு யார் கைக்குப் போனதோ தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம். மனைவி சிரித்த சிரிப்பில் வெள்ளையடிக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பெட்டியின் அடியில் இருந்த ஒரு கட்டை எடுத்தேன். ரப்பர் பேண்டு தொட்டதும் பொடிந்து விழுந்தது. எல்லாம் பாட்டுச் சீட்டுகள். அந்தக் கால ஆர்க்கெஸ்ட்ராவில் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு எழுதி மேடைக்குக் கொடுத்தனுப்பலாம். இன்ன பாட்டு வேண்டும், இன்னாருக்காக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், மனது வைத்தால் பாடுவார்கள். சீட்டுக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. நான் சீட்டோடு மேடைப் பக்கம் போனால் பாட்டு வரும் என்பார்கள்.

"அப்பிடின்னா இதெல்லாம் எப்பிடிங்க நம்ம ஊட்டுல இருக்குது?" என்று கேட்டாள் மனைவி.

நியாயமான கேள்விதான். மேடைக்குப் போன சீட்டு திரும்பி வராது. திரும்பி வந்த சீட்டு மேடைக்குப் போயிருக்காது. உண்மை என்னவென்றால், நான் ஒரு சீட்டைக்கூடக் கொடுத்ததில்லை. மேடைக்குப் பக்கத்தில் எப்போதும் நோம்பிக் கமிட்டிக்காரர் ஒருவர் கம்பு வைத்துக்கொண்டு நிற்பார். அவர் மீசையைப் பார்த்தவுடன் நான் பாதை மாறிவிடுவேன். நேராக ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஒரு பாட்டு நேரம் அங்கே டீசல் புகையைக் குடித்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வருவேன். நான் கேட்ட பாட்டு தற்செயலாக வந்துவிட்டால் பெயர் எனக்கு. வராவிட்டால் மேடையில் சீட்டு ரொம்பச் சேர்ந்துவிட்டது என்பேன். இப்படியே நாலு வருஷம் புகழோடு வாழ்ந்தேன்.

இதை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கும்வரை, கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். பாட்டு எழுதிய பக்கம் தவிர எல்லாம் வெறும் காகிதமாகத்தான் இருந்தன. நாலு சீட்டுகளில் மட்டும் முன்பக்கத்திலும் எழுத்து இருந்தது. அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த எழுத்தைப் புரிந்துகொள்ள எங்கள் வேலையைச் சொல்லியாக வேண்டும். நானும் நண்பனும் ஒரே பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தோம். துணியை அடுக்கடுக்காக விரித்து, முன்பக்கம், முதுகு, கை என்று வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, தைக்கிற பிரிவுக்கு அனுப்ப வேண்டும். வெட்டுவது அவன். அவனுக்கு அப்படி ஒரு கண். அளவு நாடாவைத் தொடுவதற்கு முன்பே "எட்டரை" என்பான். வைத்துப் பார்த்தால் எட்டரை இருக்கும். எனக்கு அப்படி ஒன்றும் கைவரவில்லை. கையெழுத்து மட்டும் நன்றாக இருந்ததால், ஒவ்வொரு கட்டுக்கும் சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பாகம், என்ன சைஸ், எத்தனை பீஸ் என்று உள்ளங்கை அகலக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். அவன் அதைக் கட்டின் முடிச்சில் செருகி வைப்பான். வெட்டின கை எம் சைஸா, எல் சைஸா என்பது தைக்கிறவருக்கு அந்தச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

ஒரு நோம்பி நாள். வேலை முடிந்து அவன் முகம் கழுவப் போயிருந்தான். அன்றைக்குக் கச்சேரிக்கு அவன் பார்த்து வைத்திருந்த பெண் வருகிறாள். அவளுக்காக ஒரு மழைப் பாட்டுக்குச் சீட்டுக் கொடுக்கச் சொல்லி, வாரம் முழுவதும் என்னிடம் கெஞ்சியிருந்தான். எழுதக் காகிதம் தேடினால், சீட்டுப் புத்தகம் மேஜை டிராயரில் பூட்டிக் கிடந்தது. எதிரே கட்டுகள் வரிசையாக இருந்தன. அந்தப் பாட்டுக்கு ஒன்று, எனக்குப் பிடித்த வேறு பாட்டுகளுக்கு மூன்று என்று, நாலு கட்டின் முடிச்சிலிருந்து நாலு சீட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் நேரத்தோடு வந்து புதிதாக எழுதிச் செருகிவிடலாம் என்று நினைத்தேன். கச்சேரிக்குப் போனேன், வழக்கம்போல ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்றேன். அன்றைக்குப் பார்த்து, அந்த மழைப் பாட்டை அவர்களாகவே மூன்றாவதாகப் பாடிவிட்டார்கள். நண்பன் என்னைத் தூக்கிச் சுற்றினான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், விடிந்தது தெரியாமல் தூங்கி, மறுநாள் நான் வேலைக்குப் போகும்போது மணி பத்தாகிவிட்டது. கட்டுகள் எல்லாம் தைக்கப் போய்விட்டன.

அந்த லாட் டீ ஷர்ட்டுகளில் ஒரு பங்குக்கு இடது கை எம் சைஸ், வலது கை எல் சைஸ். சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஆள் செக்கிங்கில் அதைக் கண்டுபிடித்தார். சீட்டு எங்கே என்று சூபர்வைசர் கேட்டபோது நண்பன், "வெச்சேன்னுதாங்க நெனச்சேன். விட்டுப் போச்சாட்ட இருக்குதுங்க," என்றான். நான் பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்டினதிலும் கோளாறு இருக்கும் என்று சொல்லி, அன்று மாலையே அவனை நிறுத்திவிட்டார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. சில வாரங்களில், நான் எடுத்தது வெற்றுச் சீட்டாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். சில வருஷங்களில் அதை நம்பவும் செய்தேன். பொய்யை அடுத்தவரை நம்ப வைப்பதுதான் கஷ்டம் என்பார்கள். எனக்கு நானே ரொம்பச் சுலபமான ஆள்.

இப்போது கையில் இருந்த சீட்டு, 'இடது கை, எல், 24 பீஸ்' என்றது. என் அழகான கையெழுத்தில்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. இன்றைக்கு நான் நெருப்பெரிச்சலில் பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். அங்கே யாராவது பண்டல் சீட்டைத் தொலைத்தால் நான் நடத்தும் பிரசங்கம் பிரசித்தம். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள்; எனக்குத் தெரிந்த இந்தி ஆறு சொற்கள். அதில் இரண்டு, 'சீட்டு எங்கே' என்று கேட்பதற்காகவே கற்றுக்கொண்டவை.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டுபோய் வாசலில் வைத்தாள்.

"போயி அவங்ககிட்டச் சொல்லிப்போட்டு வாங்க. அதுவரைக்கும் இது ஊட்டுக்குள்ள வரக் கூடாது."

"முப்பது வருஷம் ஆச்சு. அவனே மறந்திருப்பான்."

"மறந்திருந்தா நல்லதுதானுங்க. போயிக் கேட்டுப்போட்டு வாங்க."

நண்பன் அதன் பிறகு எந்தக் கட்டிங் டேபிளுக்கும் போகவில்லை. அந்த மழைப் பாட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு, அவள் ஊரான தாராபுரத்தில் தையல் கடை வைத்துவிட்டான். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம். எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் நாலு பேரிடம் என்னைக் காட்டி, "இவன் அன்னிக்குச் சீட்டுக் குடுக்கலீன்னா எனக்குக் கல்யாணமே ஆயிருக்காது," என்பான். நானும் அடக்கமாகச் சிரித்துவிட்டு, பந்தியில் இன்னொரு ஜாங்கிரி வாங்கிக்கொள்வேன்.

தாராபுரம் பஸ்ஸில் போகும்போது, சொல்ல வேண்டியதை நாலு விதமாகத் தயார் செய்தேன். நாலிலும் நான் கொஞ்சம் நல்லவனாகவே வந்தேன். மடியில் ஒரு துணிப்பை. அதில் சீட்டும், அதே பெட்டியில் கிடந்த அந்த லாட் டீ ஷர்ட் ஒன்றும் இருந்தன. கழித்துக் கட்டிய சரக்கில் ஒன்றை நான் அப்போது எடுத்து, கச்சேரிக்குப் போட்டுப்போகும் ராசியான சட்டையாக வைத்திருந்தேன். கை தட்டக் கையைத் தூக்கினால் ஒரு பக்கம் மட்டும் அக்குள்வரை ஏறிவிடும். அதைப் பார்த்து யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கச்சேரிக் கூட்டத்தில் அதைவிட விநோதமான சட்டைகள் இருந்தன.

கடையில் நண்பன் ஒரு பள்ளிக்கூட யூனிபார்ம் சட்டைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாடா, வாடா," என்றவன், உள்பக்கம் திரும்பி, "இங்க ஆரு வந்திருக்கறான்னு பாரு," என்றான். அவன் மனைவி காபியோடு வந்தாள்.

"வாங்கண்ணா. உக்காருங்க. இவர் இந்தக் கையை வெட்டி முடிக்கறதுக்குள்ள காபியே ஆறிப்போயிருமுங்க."

அப்போதுதான் கவனித்தேன். அவன் கைத்துணியில் நாடாவை வைத்து அளந்தான். சாக்பீஸால் கோடு போட்டான். மறுபடி அளந்தான். கத்தரியைக் கையில் எடுத்த பிறகு, அதைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவது முறையாக அளந்தான்.

"ஒடம்புத் துணியெல்லாம் சட்டுனு வெட்டிப்போடுவாருங்க. கை மட்டும் மூணு தடவை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே கதைதானுங்க," என்றாள்.

"என் கண்ணை நம்ப முடியாதும்மா. அதான் ஒருக்கா ஏமாத்திப் போட்டுதே," என்றான் அவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பஸ்ஸில் தயார் செய்த நாலு விதமும் மறந்துவிட்டது. காபியைக் கீழே வைத்துவிட்டு, சீட்டை அவன் முன்னால் வைத்தேன். "உன் கண்ணு ஏமாத்தலடா. இதை நான்தான் முடிச்சுல இருந்து உருவிட்டுப் போனேன். பாட்டு எழுதறதுக்கு," என்றேன்.

அவன் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு முன்பக்கத்தைப் படித்தான். திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தான். மறுபடி முன்பக்கம்.

"அப்ப நான் சீட்டு வெச்சிருக்கறேன்."

"வெச்சிருந்தே. நாலு கட்டுக்கும் வெச்சிருந்தே."

"வெட்டுனதுலயும் தப்பில்ல."

"ஒண்ணும் இல்ல."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும். பொறவு மறந்துட்டேன்."

"நான் மறக்கலியேடா," என்றான்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். டீ ஷர்ட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். அவன் நாடாவைத் தொடாமல் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "முக்கா இஞ்சு," என்றான். பிறகு நாடாவை வைத்தான். முக்கால் இஞ்சுதான்.

அவன் மனைவி சீட்டை எடுத்துப் பின்பக்கத்தை மெல்லப் படித்தாள். 'பெண்கள் வரிசையில் பச்சைத் தாவணி போட்டிருப்பவருக்காக மழைப் பாட்டு' என்று இருந்தது. "அப்பிடின்னா இதை நீங்க மேடைல குடுக்கவே இல்லீங்களாண்ணா?" என்றாள்.

"இல்ல அம்மிணி. பயந்துட்டேன். ஜெனரேட்டருக்குப் பின்னாடி நின்னுட்டு வந்துட்டேன்."

"அவங்களாவேதான் பாடுனாங்களாங்க?"

"ஆமா."

அவள் நண்பனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினாள். அது பாட்டுக்காக இல்லை. "இவுரு எத்தனை நாள் தூங்காம உக்காந்திருந்தாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? கைய விரிச்சு விரிச்சுப் பாத்துட்டே உக்காந்திருப்பாருங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஐம்பது தாண்டிய ஆள் ஒரு கை கோணல் டீ ஷர்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுவது பார்க்க நன்றாக இருந்திருக்காது.

நண்பன் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "நாலு வருஷமும் ஜெனரேட்டருக்குப் பின்னாடியா?" என்று மட்டும் கேட்டான்.

"நாலு வருஷமும்."

"சைக்கிளும் நானே மிதிச்சிருக்கறேன்," என்றான்.

பிறகு மேஜை மேல் போட்டிருந்த கண்ணாடியின் ஒரு மூலையைத் தூக்கி, அந்தச் சீட்டை உள்ளே நகர்த்தினான். என் மழைப் பாட்டு கீழே போயிற்று. 'இடது கை, எல், 24 பீஸ்' மேலே தெரிந்தது. அது வெட்டும் இடத்துக்கு நேராக இருந்தது. உள்ளே பார்த்து, "ஏம்மா, நான் சீட்டு வெச்சுத்தான் இருந்திருக்கறேன்," என்றான். தெரியுமுங்க, கேட்டேனுங்க என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவன் அதை இன்னொரு தடவையும் சொன்னான்.

காபி ஆறிப் போயிருந்தது. குடித்தேன். இன்னொரு யூனிபார்ம் சட்டை பாக்கி இருந்தது. அவன் கைத்துணியை எடுத்து விரித்தான். நாடாவை வைத்து அளந்தான், கோடு போட்டான், மறுபடி அளந்தான். கத்தரியை எடுத்தான். கீழே வைக்கப் போனவன், மேஜைக் கண்ணாடியை ஒரு தரம் பார்த்தான். கத்தரியைக் கீழே வைக்காமல் அப்படியே வெட்ட ஆரம்பித்தான்.